மின்சிகரெட் கேட்ரிட்ஜ் வகைகள்: மருந்துக்கடையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை நடத்துகிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவன். ஐந்தாறு ஆண்டுகளாகவே, காய்ச்சல் மாத்திரைக்கும் இருமல் மருந்துக்கும் வருகிற கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்று, பிறகு குரலைத் தாழ்த்தி மின்சிகரெட்டைப் பற்றிக் கேட்கிறவர்களைப் பார்த்து வருகிறேன். கல்லூரி விடுதிப் பையன்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள், மகனுடைய பையில் எதையோ கண்டெடுத்த தாய்மார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகள் இருக்கின்றன. எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. அண்ணாச்சி, கேட்ரிட்ஜ் கேட்ரிட்ஜ் என்கிறார்களே, அதற்குள் என்னதான் இருக்கிறது?

மின்சிகரெட்டில் இரண்டு பாகம். ஒன்று பாட்டரி. மற்றொன்று, திரவமும் அதைச் சூடாக்கும் கம்பிச்சுருளும் இருக்கிற சின்னக் கூடு. அந்தக் கூடுதான் கேட்ரிட்ஜ். பையன்கள் 'பாட்' என்பார்கள். வீட்டில் சுவரில் செருகுகிற கொசுவிரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: குப்பியில் திரவம், அதில் முங்கிய திரி, மேலே சூடு. இங்கேயும் அதே ஏற்பாடுதான். திரிக்குப் பதில் பஞ்சு, சூட்டுக்குக் 'காயில்' எனப்படும் அந்தக் கம்பிச்சுருள். வாயால் உறிஞ்சியதும் பாட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் பாய்கிறது. பஞ்சில் ஊறிய திரவம் சூடேறி மூட்டமாக எழுகிறது.

திரவத்தில் நான்கு சரக்கு: புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள். முதல் இரண்டும் நான் விற்கிற சில மருந்துகளிலும் உண்டு. 'மருந்தில் சேர்ப்பதுதானே, என்ன கெடுதல்?' என்று இதைப் பிடித்துக்கொண்டு வாதிடுகிறவர்கள் உண்டு. மருந்து வயிற்றுக்குப் போகிறது. இது 200 டிகிரிக்கும் மேல் சூடாகி நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் ஒன்றல்ல.

2. கடைப் படங்களில் ஆயிரம் மாதிரி காட்டுகிறார்கள். உண்மையில் எத்தனை வகை?

பெயர் எத்தனை இருந்தாலும் உள்ளே பார்த்தால் ஐந்துதான். முதலில் வந்தது சிகரெட் வடிவத்திலேயே இருக்கும். இன்றைய மின்சிகரெட்டை 2003-இல் சீனாவில் உருவாக்கிய ஹான் லிக் என்பவரும் என்னைப்போல ஒரு மருந்தாளுநர்; அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். அந்த வகையில் முனையில் இருக்கிற குட்டிக் குழாய்தான் கேட்ரிட்ஜ். அதைத் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். திரவம் மிகக் குறைவாகவே கொள்ளும். இப்போது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது.

அடுத்தது மூடிய பாட். நிறுவனமே திரவத்தை நிரப்பி அடைத்து அனுப்பும்; தீர்ந்ததும் எறிந்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். 2015-இல் அமெரிக்காவில் வந்த ஜூல்தான் இதைப் பரப்பியது. பென் டிரைவ் போன்ற உடல், 0.7 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் பாட். மூன்றாவது, நிரப்பும் பாட். பக்கவாட்டில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும். அதைத் திறந்து பாட்டிலிலிருந்து நாமே ஊற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் காயில் கூட்டோடு சேர்ந்தே இருக்கும், சிலவற்றில் காயிலை மட்டும் மாற்றலாம். நான்காவது டேங்க்: பெரிய குப்பி, வலுவான பாட்டரி, அறையை மறைக்கிற மூட்டம். ஐந்தாவது, எதையுமே கழற்ற முடியாத டிஸ்போசபிள். கேட்ரிட்ஜும் பாட்டரியும் ஒரே உடலாக இருக்கும். தீர்ந்தால் மொத்தமும் குப்பைக்கு.

புகையிலைக் குச்சியைச் செருகிச் சூடாக்கும் கருவியும் இதில் சேருமா என்று கேட்பார்கள். அதில் திரவமே இல்லை, நிஜப் புகையிலைதான். தொழில்நுட்பத்தில் அது வேறு. நம் சட்டத்தில் எல்லாம் ஒன்றே.

3. சரி, உங்கள் கடையில் எது கிடைக்கும்? இல்லையென்றால் ஜங்ஷனில் எங்கே கிடைக்கும்?

என் கடையில் கிடைக்காது. ஜங்ஷனில் மட்டுமல்ல, இந்தியாவில் எங்கேயும் சட்டப்படி கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2018-இலேயே தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கை இருப்பு வைத்திருந்தாலே 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

'நான் கருவியைக் கேட்கவில்லை, கேட்ரிட்ஜை மட்டும்தானே கேட்கிறேன்' என்று ஒரு தம்பி சொன்னார். சட்டம் அந்த வழியையும் அடைத்திருக்கிறது: முழுப் பொருளாக இருந்தாலும் அதன் எந்தப் பாகமாக இருந்தாலும் தடை பொருந்தும். ஆகவே யாராவது பெட்டிக்கடையின் பின்பக்கத்திலிருந்தோ கைப்பேசி வழியாகவோ உங்களுக்கு ஒரு கேட்ரிட்ஜ் தருகிறார் என்றால், அது கடத்தி வந்த சரக்கு. எங்கே செய்தது, உள்ளே என்ன, எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்தது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. காலாவதியான மாத்திரை என்றால் என்னிடம் வந்து சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போவீர்கள்?

4. நான் துபாயில் பில் போட்டு வாங்கியது. விடுப்பில் வரும்போது சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வரக் கூடாதா?

ஐக்கிய அரபு அமீரகம் 2019-இல் விற்பனையை அனுமதித்தது உண்மை. அங்கே வாங்கியது அங்கே குற்றமில்லை. திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் இறங்கியதும் நம் சட்டம் வந்துவிடுகிறது. நாட்டுக்குள் கொண்டு வருவதே இறக்குமதிதான், சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பெட்டி கேட்ரிட்ஜை நண்பர்களுக்குக் கொடுக்கவென்று கொண்டு வந்தால் அது விநியோகம் என்றும் ஆகும். அத்தை மகனுக்கு ஒன்று, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒன்று என்று கொடுக்கிற நம் ஊர் வழக்கம் இந்தப் பொருளுக்கு வேண்டாம்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 முதல் வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

5. சட்டம் இருக்கட்டும். தினமும் இழுப்பதற்கு இந்த ஐந்தில் எது நல்லது?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். நேராகவே சொல்கிறேன். இதுவரை புகைபிடிக்காதவருக்கு ஐந்தில் எதுவுமே நல்லதல்ல. இல்லாத அடிமைத்தனத்தைக் காசு கொடுத்து வாங்குவதாகும். திருநெல்வேலியில் இருக்கிற யாருக்கும் நான் எதையும் சொல்ல மாட்டேன்; காரணம் 3-ஆம் பதிலில் இருக்கிறது. இழுப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, தரக்கட்டுப்பாடு இருக்கிற ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, சிகரெட்டை விடுவதற்காகவே இதைப் பிடித்திருக்கிறவர்களுக்கு மட்டும் வகைகளை ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

என் அளவுகோல் ஒன்றே: நிக்கோட்டினைப் படிப்படியாகக் குறைக்க அந்தக் கேட்ரிட்ஜ் இடம் கொடுக்கிறதா? நிரப்பும் பாட் கொடுக்கிறது. ஒரு மில்லிலிட்டர் திரவத்துக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டினில் தொடங்கியவர் 10-க்கும், பிறகு 6-க்கும் 3-க்கும் இறங்கலாம். ஆனால் வீட்டில் திறந்த நிக்கோட்டின் பாட்டில் இருக்கும் என்பது அதன் பெரிய ஆபத்து. 15-ஆம் கேள்வியைக் கட்டாயம் படியுங்கள். மூடிய பாட் வகையில் அந்த ஆபத்து குறைவு, அளவும் ஒரே சீராக இருக்கும். நிறுவனம் எந்தெந்த அளவில் விற்கிறதோ அவ்வளவுதான், அதற்கு இடைப்பட்ட படிகள் கிடைக்காது. டேங்கில் நிக்கோட்டின் விகிதம் குறைவு என்று மகிழ்கிறார்கள். மூட்டத்தின் அளவு பல மடங்கு என்பதால் உள்ளே போகிற மொத்தச் சரக்கு குறைவதில்லை. சிகரெட் வடிவக் கேட்ரிட்ஜில் ஆசை அடங்காமல் மறுபடி சிகரெட்டுக்கே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்போசபிளைத் தொடவே வேண்டாம் என்று சொல்வேன். குறைக்கவும் வழியில்லை, எவ்வளவு போயிற்று என்று பார்க்கவும் வழியில்லை. இனிப்பு வாசனையும் பளபளப்பு நிறமும் பிள்ளைகளை நோக்கிச் செய்யப்பட்டவை போலவே இருக்கின்றன. மின்சிகரெட்டை அனுமதிக்கிற இங்கிலாந்தே 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை எறியும் வகையின் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

6. பெட்டியில் 2 சதவீதம், 5 சதவீதம், 20 மில்லிகிராம் என்றெல்லாம் போட்டிருக்கிறது. ஒரு கேட்ரிட்ஜ் எத்தனை சிகரெட்டுக்குச் சமம்?

20 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் அவ்வளவு நிக்கோட்டின். அதைத்தான் 2 சதவீதம் என்று போடுகிறார்கள். 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 50. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு 20 மில்லிகிராம், கேட்ரிட்ஜ் 2 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது. பெருக்கினால் 40 மில்லிகிராம். ஒரு சிகரெட் இழுக்கிறவர் உடம்பில் சேருவது ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம் வரை. கேட்ரிட்ஜில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது என்பதையும் கழித்தால், ஒரு பாட் சுமார் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கள்ளச் சரக்காக வருகிற பெரிய டிஸ்போசபிளைப் பாருங்கள். 10 மில்லிலிட்டர், 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 500 மில்லிகிராம் நிக்கோட்டின். அது ஒருவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. சாம்பலாகி, விரல் சுட்டதும் கீழே போட வேண்டும். இதற்கு அந்த முடிவு இல்லை. படிக்கும்போது, குளிக்கப் போகும்போது, போர்வைக்குள் என்று நாள் முழுதும் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டே இருக்கலாம். 'நான் நாளைக்கு இவ்வளவுதான்' என்று சிகரெட்காரர் சொல்லுவார். இவர்களால் சொல்ல முடிவதில்லை.

7. சால்ட் நிக்கோட்டின் என்றால் உப்புப் போட்டதா? தொண்டையில் உறைக்கவே இல்லையே, அப்படியானால் லேசானதுதானே?

சமையல் உப்பு அல்ல. நிக்கோட்டின் இயல்பாகக் காரத்தன்மை உள்ளது. அதிகம் சேர்த்தால் தொண்டையைக் கீறும், இருமல் வரும். அதோடு பென்சோயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்தால் வேதியியலில் உப்பு எனப்படும் சேர்மமாகிறது. காரம் தணிகிறது, தொண்டை எதிர்ப்பதில்லை. மூடிய பாட் வகையிலும் டிஸ்போசபிளிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். டேங்குக்கான குறைந்த அளவுத் திரவங்களில் அமிலம் சேர்க்காத சாதாரண நிக்கோட்டினே வழக்கம்.

லேசாக இருக்கிறது என்பது வாய்க்குத்தான். இரத்தத்துக்கு அல்ல. முதல் சிகரெட்டில் இருமித் துப்பிவிட்டு 'இது நமக்கு ஒத்து வராது' என்று விலகியவர்கள் நம் தலைமுறையில் ஏராளம். அந்த இருமல் ஒரு காவலாக இருந்தது. சால்ட் நிக்கோட்டின் அந்தக் காவலை எடுத்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளை முதல் நாளே தாராளமாக இழுக்க முடிவது இதனால்தான்.

8. நிக்கோட்டின் பூஜ்யம் என்று போட்ட கேட்ரிட்ஜ் இழுக்கலாம் அல்லவா?

சட்டம் நிக்கோட்டின் உள்ளதையும் இல்லாததையும் சேர்த்தே தடை செய்கிறது. அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், பூஜ்யம் என்று அச்சடித்திருப்பதை 3-ஆம் பதிலில் சொன்ன கள்ளச் சரக்கில் எப்படி நம்புவது? நிக்கோட்டின் இல்லாவிட்டாலும் மற்ற மூன்று சரக்கும் காயிலின் சூடும் அப்படியே இருக்கின்றன.

9. புதுக் கேட்ரிட்ஜ் மாட்டி இரண்டு நாளில் கருகல் வாடை வருகிறது, பையெல்லாம் கசிகிறது. எந்த வகையில் இந்தத் தொல்லை இல்லை?

எல்லா வகையிலும் உண்டு. நிரப்பும் பாட் வகையில் அதிகம். பஞ்சு முழுதும் ஊறும் முன்னே இழுத்தால், அல்லது திரவம் தீர்ந்த பிறகும் இழுத்தால், வறண்ட பஞ்சைக் காயில் சுடுகிறது. அதுதான் அந்த வாடை. அந்தச் சூட்டில் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்றவை உண்டாகின்றன. பிணவறையில் உடலைப் பதப்படுத்தப் பயன்படும் பொருள் அது. கருகல் வாடை வந்தால் 'இன்னும் இரண்டு இழுப்பு இருக்கும்' என்று பார்க்காதீர்கள்.

கசிவுக்கு நம் ஊர் வெயில் ஒரு காரணம். சூட்டில் திரவம் இளகி நீர்த்துப்போகும். அக்கினி நட்சத்திரத்தில் வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் நிற்கிற பைக்கின் பெட்டிக்குள் இதை வைத்தால் கசியாமல் என்ன செய்யும்? விமானத்தில் அறையின் காற்றழுத்தம் குறைவதால் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும்.

விடுப்பில் வந்த ஒருவர் என் மேசைக் கண்ணாடியின்மேல் ஒரு பாட்டை வைத்து, 'பழுதாகிவிட்டதா பாருங்கள்' என்றார். குழல்விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வாங்கும்போது வெளிர் மஞ்சளாக இருந்ததாம். இப்போது கருப்பட்டிப் பாகு நிறம். காயிலைச் சுற்றிக் கரிந்த இனிப்பு, தார் போலப் படிந்திருந்தது. நிக்கோட்டின் காற்றுப் பட்டு நிறம் மாறுவதும் வாசனைக்குச் சேர்த்த இனிப்பு கரிவதும் சேர்ந்த கோலம் அது. மூடியில் மாம்பழப் படம். முகர்ந்தால் அடிப்பிடித்த பால்கோவா. என் விரலில் பிசுக்கு ஒட்டியதும் உடனே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவர் அதைத்தான் பத்து நாளாக நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறார்.

10. இது வெறும் நீராவிதானே அண்ணாச்சி? பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொல்லை இல்லையே?

நீராவி அல்ல. 1-ஆம் பதிலில் சொன்ன திரவத்தின் நுண்துளிகள். அவற்றோடு காயில் உலோகத்திலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்றவையும் சிறு அளவில் கலந்து வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கும் டயஅசிட்டைல் தின்பண்டத்தில் பிரச்சினையில்லை. ஆனால் அமெரிக்காவில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்கள் அதன் ஆவியைச் சுவாசித்து நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள். சில மின்சிகரெட் திரவங்களிலும் அது இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குச் சிகரெட் புகையைவிடக் குறைவுதான், ஆனால் நிக்கோட்டின் உண்டு. கைக்குழந்தை இருக்கிற அறையில் கூடவே கூடாது.

11. இங்கிலாந்தில் மருத்துவர்களே சிகரெட்டை விட இதைச் சொல்கிறார்களாம். நீங்கள் மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது. சிகரெட்டில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் எரிதலால் வருகிற தார், கார்பன் மோனாக்சைடு, மற்ற நஞ்சுகள். கேட்ரிட்ஜில் எரிதல் இல்லை. ஆகவே முழுதாக மாறிக்கொண்டவருக்குச் சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஆகியவற்றைவிட மின்சிகரெட்டால் புகையை விட்டவர்கள் அதிகம் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பும் சொல்லியிருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வுகள் தெரிந்த சரக்கு, தெரிந்த அளவு, கூடவே ஆலோசகர் என்ற ஏற்பாட்டில் நடந்தவை. இங்கே அவற்றில் ஒன்றும் இல்லை. என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு மாறியவர்களும் அல்லர். வீட்டில் இது, டீக்கடையில் சிகரெட் என்று இரண்டையும் வைத்திருப்பவர்கள். அப்படி இழுத்தால் சிகரெட்டின் கெடுதல் அப்படியே இருக்க, நிக்கோட்டின் மட்டும் கூடுகிறது. இங்கிலாந்து சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

12. எங்கள் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது, ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. அவருக்கு நல்ல பாட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பீடியை விடுவாரா?

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று நம் பக்கத்துப் பெண்களின் கைகள் சுற்றிய பீடியில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. என் உறவிலும் உண்டு. அதனாலோ என்னவோ, பீடியைச் சிகரெட்டைவிட எளியது என்று நினைக்கிறோம். இலை அடிக்கடி அணைவதால் ஆழமாக, அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது; தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை. அப்பா விட வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. வழிதான் வேறு.

2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். காலையில் எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்ற வைக்கிறவர் என்றால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதற்குச் சீட்டு வேண்டும். வாங்கிப் போய் 'பயனில்லை' என்று திரும்பி வருகிறவர்களில் பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று விழுங்கியவர்கள். மெதுவாகச் சிலமுறை மெல்ல வேண்டும். வாயில் சுருசுருவென்று வந்ததும் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவதுபோலக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். அந்தச் சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. காபி, எலுமிச்சைச் சாறு குடித்த கால் மணிக்குள் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வெற்றிலை போட்டுப் பழகிய வாய்க்கு இது வெகு சீக்கிரம் பிடிபடுகிறது.

நெஞ்சுவலி, மாரடைப்பு, இரத்தக்கொதிப்பு இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள். சூயிங்கம் போதாதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் உண்டு. 1800 11 2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

13. காலியான மூடிய பாட்டை ஊசியால் திறந்து வேறு எண்ணெய் நிரப்பித் தருகிறார்களாம். அது விலை குறைவு. செய்யலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். 'எண்ணெய்' என்ற சொல்லே ஆபத்தானது. கேட்ரிட்ஜ் திரவத்தில் எண்ணெய் இருக்கவே கூடாது. நுரையீரலால் எண்ணெயைச் செரிக்க முடியாது.

2019-இல் அமெரிக்காவில் இளைஞர்கள் திடீரென்று மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இழுத்தது கள்ளச் சந்தையில் நிரப்பிய கஞ்சாக் கேட்ரிட்ஜ். அதைக் கெட்டியாகக் காட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளைக் கலந்திருந்தார்கள். தோலில் தடவினாலோ மாத்திரையாக விழுங்கினாலோ கெடுதல் செய்யாத பொருள், ஆவியாக உள்ளே போனதும் உயிரை எடுத்தது. கஞ்சா என்றால் இங்கே மின்சிகரெட் சட்டத்தோடு போதைப்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்த மாதிரிக் கேட்ரிட்ஜ் இழுத்த பிறகு இருமல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, காய்ச்சல், வாந்தி வந்தால் என் கடைக்கு வர வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள், எதை இழுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

14. தம்பி, என் மகன் பையில் இது இருந்தது. பென் டிரைவ் என்கிறான். எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது?

முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து காட்டிய ஓர் அம்மா கேட்டது. பென் டிரைவ் என்றால் ஒரு முனையில் கணினியில் செருகும் உலோகத் தகடு இருக்கும். இதில் வாய் வைக்கிற சப்பையான முனையும் அதன் நடுவே துளையும் இருந்தன. முகர்ந்தால் பழ மிட்டாய் வாசனை. பேனா போலவும், நிறக்கோடு போடும் மார்க்கர் போலவும்கூட வருகின்றன.

அடிக்காதீர்கள் அம்மா. அடித்தால் ஒளித்து வைக்கிற இடம் மாறும், பழக்கம் மாறாது. இருபத்தைந்து வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் நிக்கோட்டின் வேகமாகப் பிடிக்கும், கவனத்தைக் குலைக்கும். அவன் கெட்டவனாகிவிட்டான் என்பதல்ல, பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே உண்மை. சாப்பாட்டுக்குப் பிறகு, கோபம் இல்லாத நேரத்தில், 'காலையில் எழுந்ததும் தேடுகிறாயா?' என்று மட்டும் கேளுங்கள். தேடுகிறான் என்றால் உதவி தேவை. 12-இல் சொன்ன எண்ணும் மருத்துவமனையும் அவனுக்கும் உண்டு. பதினெட்டு வயது ஆகாதவனுக்குச் சூயிங்கத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், மருத்துவர் சொல்லட்டும். விட்டுவிட்ட முதல் இரண்டு மூன்று வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். அந்த நாட்களில் பரீட்சை மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

யார் விற்றது என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் பள்ளியும் கல்லூரியும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒரு கடை விற்றால் ஒரு பிள்ளையோடு நிற்காது.

15. சின்னக் குழந்தை கேட்ரிட்ஜைக் கடித்துவிட்டது, கொஞ்சம் போயிருக்கும் போலிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்து, தோலில் பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கேட்ரிட்ஜையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போங்கள். மேலே போட்டிருக்கும் அளவு மருத்துவருக்குத் தேவைப்படும். எச்சில் வடிதல், வாந்தி, முகம் வெளுத்தல், நடுக்கம், வலிப்பு என்று வேகமாகப் போகும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

6-ஆம் பதிலில் போட்ட கணக்கை ஒரு பத்துக் கிலோ குழந்தையை நினைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். பழ வாசனை, மிட்டாய் நிறம், கைக்கு எட்டுகிற மேசை. நிரப்பும் பாட்டைப் பற்றி 5-இல் நான் தயங்கியது இதனால்தான்.

16. விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். மிச்சமிருக்கிற கேட்ரிட்ஜையும் கருவியையும் உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகட்டுமா? இல்லை, ஆற்றில் எறிந்துவிடவா?

முடிவு செய்ததற்கு மகிழ்ச்சி. என்னிடம் கொடுக்க முடியாது. 3-இல் சொன்ன இருப்பு வைக்கும் குற்றம் மருந்துக்கடைக்கும் பொருந்தும். தாமிரபரணியில் எறிவதை நினைக்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் குடிக்கிறோம். நிக்கோட்டின் மீனுக்கும் நஞ்சு.

கருவியை உடைக்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், டிஸ்போசபிளைப் பிளந்து பாட்டரியை எடுக்கப் பார்க்காதீர்கள். லித்தியம் பாட்டரி நசுங்கினால் தீப்பற்றும். குப்பை வண்டியில் நசுங்கினாலும் அப்படித்தான். கழற்ற முடிகிற கேட்ரிட்ஜைக் கழற்றி, திரவத்தைக் கொட்டாமல் அப்படியே ஒரு மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பாட்டரியின் உலோக முனைகளைப் பிளாஸ்திரியால் ஒட்டி மூடி, அதை வேறொரு டப்பாவில் போடுங்கள். இரண்டையும் மக்கும் குப்பை, மக்காத குப்பை எதிலும் கலக்காமல், மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் 'இது பாட்டரி, இது விஷமுள்ள திரவம்' என்று வாயால் சொல்லித் தனியாகக் கொடுங்கள். கொடுத்த பிறகு மேசை இழுப்பறையையும், பழைய சட்டைப்பைகளையும், பைக்கின் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். மறந்துபோன ஒரு பாட் அங்கே எங்காவது கிடக்கும்.